கம்பி அறுந்தது, கட்டு அறுந்ததா?

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம். நெகிரி செம்பிலான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பால்மரத் தொழிலாளி கிள்ளானுக்கு வந்திருந்தார். நமக்கு நெடுநாள் பழக்கமானவர். முப்பது வருஷமாக உளி பிடித்துக் காய்த்துப்போன கை. தெங்கு கிளானா சாலையிலே துணிமணி வாங்கிக்கொண்டு, பக்கத்திலே ஒரு கப்பல் சரக்கு ஏஜண்டின் காரியாலயத்தில் வேலை பார்க்கும் தம் மகளைக் கூட்டிப்போக மாடிப்படி ஏறினார். நாமும் உடன் சென்றோம்.

உள்ளே மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் காகிதக் கட்டு. எதிரே ஓர் ஆள் இல்லை. சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். "சரிங்க, லாரி கெளம்பிடுச்சா? நம்பரைத் திருப்பிச் சொல்லுங்க" என்கிறாள். பேசிக்கொண்டே அலமாரிக்கு நடக்கிறாள், கோப்பை எடுக்கிறாள், திரும்பி வருகிறாள். பெரியவர் முகம் வெளிறிவிட்டது. "ஆயி, யாருகிட்டம்மா பேசுற? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று பதறினார்.

மகள் கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். காதின்மேல் சின்னஞ்சிறு கருவி. கன்னத்தோரம் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குச்சி. "கம்பியில்லாத ஹெட்செட்டுப்பா. டெலிபோனை கையில பிடிக்க வேணாம். எங்க நடந்தாலும் கூடவே வரும்" என்றாள்.

பெரியவர் சிரித்துவிட்டார். நாமும் சிரித்தோம். ஆனால் படியிறங்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "நல்ல சாமான்தான். கை சும்மா இருக்குது. ஆனா அத எப்பக் கழட்டி வைப்பா?"

அந்த ஒரு கேள்விதான் இன்று நம்மை எழுதத் தூண்டியது. மெத்தப் படித்தவர்கள் கேட்க மறந்ததை மரம் வெட்டும் கை கேட்டுவிட்டது.

கருவியைப் பழிக்க வரவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவியைக் கண்டு மிரளும் கூட்டமல்ல நாம். புதிய கருவி வந்தால் தொழிலாளி கெட்டான் என்று ஒப்பாரி வைப்பது நம் வழக்கமுமல்ல. எந்தக் கருவியானாலும் இரண்டு கேள்விகள் கேட்பது நம் வழக்கம். இதனால் வேலை செய்கிறவனுக்கு என்ன லாபம்? வேலை வாங்குகிறவனுக்கு என்ன லாபம்? இரண்டாவது லாபம் எப்போதும் கணக்கில் ஏறிவிடும். முதல் லாபத்தைத்தான் நாம் கேட்டு எழுதவைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவியின் வேலை என்ன என்று தோட்டத்து அன்பர்களுக்காகச் சொல்கிறோம். மேசைமேல் ஒரு சிறு பீடம் இருக்கும். அது டெலிபோனோடு இணைந்திருக்கும். பேச்சு அந்தப் பீடத்திலிருந்து வானொலி அலையாக மாறிக் காதிலுள்ள கருவிக்குப் போகிறது. காதிலிருந்து வரும் பேச்சு அவ்வாறே திரும்புகிறது. மணியடித்தால் காதோரம் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். காரியாலயங்களில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. ஒன்று 'டெக்ட்' என்பது. 1992இல் ஐரோப்பாவில் வகுத்த முறை. திறந்த வெளியில் ஏறத்தாழ நூறு மீட்டர் வரை எட்டும். சுவரும் இரும்பு அலமாரியும் குறுக்கிட்டால் குறையும். மற்றது 'புளூடூத்'. சாதாரணமாகப் பத்து மீட்டர் அளவு எட்டும். கைத்தொலைபேசிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏற்றது. பழைய மேசை டெலிபோனாக இருந்தால், பேசுகுழலைத் தூக்கி நிறுத்த ஒரு சின்ன யந்திரக் கையும் வைப்பதுண்டு. ஆளில்லாத மேசையில் குழல் தானாக எழும்பி நிற்பதைப் பார்த்தால் அறியாதவர் முனி புகுந்துவிட்டது என்றே நினைப்பர்!

இதற்கொரு பழங்கதையும் உண்டு. 1880களிலேயே அமெரிக்காவில் டெலிபோன் இணைப்பகத்தில் வேலை செய்தவர்கள், தோள்மேல் பல ராத்தல் எடையுள்ள ஒரு சாதனத்தைச் சுமந்துகொண்டு பேசினார்கள். காண்டாவில் பால்வாளி சுமந்தவர்களுக்கு அந்தப் பாரம் எப்படியிருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பின்னர் 1910இல் யூட்டா மாநிலத்து நத்தேனியல் பால்ட்வின் என்பவர், தம் சமையலறையிலே காதுக்கருவி செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். 1969இல் சந்திரனில் கால் வைத்த மனிதர் பூமியோடு பேசியதும் தலையில் அணிந்த இப்படியொரு கருவி வழியாகவே. சந்திரனுக்குப் போன சாமான் இன்று கிள்ளான் மாடிப்படி ஏறி நம் வீட்டுப் பெண்ணின் காதில் உட்கார்ந்திருக்கிறது. இதில் நமக்குப் பெருமையே தவிர வருத்தமில்லை.

கிராணி வேலை பார்த்த அன்பர்களைக் கேளுங்கள். கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே குழலை இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்து மறு கையால் எழுதியவர்கள் அவர்கள். அந்தக் கழுத்து வலியைச் சம்பளப் பட்டியலில் எந்த நிர்வாகமும் குறித்ததில்லை. அந்த வலியைத் தீர்க்க ஒரு கருவி வந்தால் வரவேற்கத்தானே வேண்டும்?

நெற்றி விளக்கு சொல்லும் பாடம்

பால்மரம் வெட்டும் தோழர்களுக்கு இது புதிய கதையே அல்ல. உளி பிடிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையிலே விளக்கை ஏந்திக்கொண்டு மறு கையால் பட்டையைச் சீவினால் மரம் காயப்படும். மரம் காயப்பட்டால் தண்டல் வாயில் அகப்பட வேண்டும். ஆகவே விளக்கு நெற்றிக்குப் போயிற்று. முன்னே கார்பைட் விளக்கு. இப்போது பேட்டரி விளக்கு. இரண்டு கையும் விடுதலை பெற்றன. நிரையிலே நடப்பதும், பட்டையைச் சீவுவதும், மங்கைச் சரிசெய்வதும் எளிதாயின.

ஆனால் அத்தோடு நின்றதா? வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் நன்றாக ஒழுகும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். விளக்கு நெற்றிக்கு வந்ததும், இருட்டும் வேலை நேரமாயிற்று. கோழி கூவுமுன் புறப்பட்ட கால்கள் இன்னும் முன்னே புறப்பட்டன. பாம்பும் கொசுவும் இருக்கும் இருட்டிலே மரத்துக்கு மரம் ஓடிய அந்த நேரத்தை எந்த யந்திரம் எண்ணிற்று? தராசு பாலை நிறுத்தது. தொழிலாளி இழந்த தூக்கத்தை நிறுக்கத் தராசு ஏது?

விளக்கின்மேல் குற்றமில்லை. விளக்கு நல்லதே. அது விடுவித்த கைக்கும் அது நீட்டிய நேரத்துக்கும் யார் கணக்கு வைப்பது என்பதே கேள்வி. நெற்றி விளக்கைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் பெரியவர் மகளின் காதுக் கருவியைப் பார்த்தும் கேட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் பார்க்க வேண்டியது

இந்தக் கருவியால் உண்மையான நன்மை யாருக்கு என்று அறிய விரும்புகிறவர்கள் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸை நினைத்துப் பார்க்கட்டும். ரயில்வேத் தொழிலாளர் வாழ்ந்த பேட்டை அது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம் அது. அங்கேதான் பார்வையற்றோர் சங்கம் நடக்கிறது. 1951இல் தொடங்கிய சங்கம். அதன் கர்னி பயிற்சி நிலையத்தில் பார்வையில்லாதவர்களுக்குத் தொழில் கற்பித்தார்கள். டெலிபோன் இயக்கும் வேலையும் அவற்றில் ஒன்று. கண் தெரியாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர், காதையும் குரலையும் முதலாகக் கொண்டு காரியாலயத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கினார். வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரமே வைத்தார். செவியின் அருமையை அந்தத் தொழிலாளிகளிடம் கேட்டால் தெரியும்.

அவருக்கு ஹெட்செட் என்பது சொகுசுச் சாமானல்ல. யோசித்துப் பாருங்கள். பார்வையில்லாதவர் படிப்பது விரலால். பிரெயில் எழுத்தின்மேல் இரண்டு கையும் நடக்க வேண்டும். குழலைப் பிடிக்க ஒரு கை போய்விட்டால் பாதிப் பார்வை போன மாதிரி. இப்போது கம்ப்யூட்டர் தன் திரையிலுள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. ஒரு காதில் திரை படிக்கும் குரல், மறு காதில் வாடிக்கைக்காரர் குரல் என்று இரண்டையும் பிரித்துக் கேட்டு, விரலால் தட்டெழுதி வேலையை முடிப்பவர்கள் உண்டு. கம்பி இல்லாததால் எழுந்து நடக்கும்போது காலில் சிக்கி விழும் ஆபத்தும் குறைகிறது. கருவி மனிதனுக்குத் தொண்டு செய்வது என்றால் இதுதான். ஆகவே எந்தக் காரியாலயமும் "செலவு அதிகம்" என்று சொல்லிப் பார்வையற்ற தொழிலாளிக்கு இதை மறுக்கக் கூடாது என்பது நம் திடமான கருத்து.

சும்மா இருக்கும் கை யாருடையது?

நிற்க. கிள்ளான் மகளிடம் மறுபடி வருவோம். அவளிடம் நாம் விவரமாகப் பேசினோம். அவள் கருவியைக் குறை சொல்லவில்லை. "கழுத்து வலி போச்சு. நடந்துகிட்டே பேசலாம். பழைய போனைக் குடுத்தா எனக்கு வேணாம்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னவைதான் கவனிக்கத்தக்கவை.

முன்பெல்லாம் அவள் டெலிபோன் பேசும்போது டெலிபோன் மட்டும் பேசினாள். கை ஒழிவாயிருக்கிறது என்றதும் பேசிக்கொண்டே தட்டெழுதச் சொன்னார்கள். பிறகு பேசிக்கொண்டே கோப்பு அடுக்கச் சொன்னார்கள். பிறகு வேறொரு மேசையிலிருந்து விலகிப்போன பெண்ணுக்குப் பதில் ஆள் வைக்கவில்லை. அந்த வேலையும் இவள் மேசைக்கு வந்தது. சம்பளம் மட்டும் நின்ற இடத்திலே நின்றது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அது இதுதான்.

இன்னொன்று. கம்பி இருந்த காலத்தில் குழலை வைத்துவிட்டு எழுந்தால் வேலை அங்கேயே நின்றது. சாப்பிடப் போனால் டெலிபோன் மேசையில் அழுதுகொண்டிருக்கும். இப்போது கருவி காதிலேயே இருப்பதால், தேநீர் கலக்குகிற இடத்துக்கும் மணியடிக்கிறது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் மணியடிக்கிறது. சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கழிவறைக்குள்ளும் மணியடிக்கிறது. "ஏன் எடுக்கலேன்னு கேக்குறாங்க. எங்க இருந்தேன்னு எப்படிச் சொல்றது?" என்று அந்தப் பெண் கேட்டபோது நாம் தலை குனிந்தோம்.

அன்பர்களே, பழைய கம்பி ஒரு கட்டுத்தான். ஆனால் அது ஒரு வேலியும் கூட. இதற்கு அப்பால் வேலை வராது என்று அது ஓர் எல்லை காட்டிற்று. கம்பியை அறுத்தவர்கள் கட்டை மட்டும் அறுக்கவில்லை. வேலியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய வேலிக்குப் பதில் வேறு வேலி போடாவிட்டால் யார் நிலத்தில் யார் மேய்வார் என்பதை விவசாயம் அறிந்த எந்தத் தமிழனுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தக் கருவியின் பேட்டரி ஏறத்தாழ ஒரு வேலை நாள் அளவே தாங்கும். பிறகு அதைப் பீடத்தில் படுக்கவைத்து மின்சாரம் ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேசாது. நிர்வாகம் அதை அறிந்து நடக்கிறது. பேட்டரிக்கு ஓய்வு வேண்டும் என்பது புரிகிறது. அதைச் சுமந்த தலைக்கும் ஓய்வு வேண்டும் என்பது மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

பெரட்டுக் களத்திலிருந்து சைபர்ஜெயா வரை

இது ஒரு பெண்ணின் கதை என்று தள்ளிவிட முடியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921இல், வெள்ளைக்காரப் போர்வீரர்கள் சிலர் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டம் திறந்தார்கள். பெயர் பிராங் பெசார். அதாவது பெரும் போர். அங்கே பொறுக்கி வளர்த்த ஒட்டுக்கன்று இனங்களே 'பி.பி.' என்ற எழுத்தோடு ரப்பர் விளையும் நாடுகளுக்குப் பரவின. நம்மில் பலர் வெட்டிய மரத்தின் பிறப்பிடம் அது. 1990களில் அந்த மண்ணில்தான் புத்ராஜெயா எழுந்தது. தோட்டத்து மக்கள் டிங்கில் பக்கத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். புத்ராஜெயாவுக்குப் பக்கத்திலேயே, அதுவும் பழைய தோட்ட மண்ணில்தான், சைபர்ஜெயா எழுந்தது. இன்று அங்கே கட்டடம் கட்டடமாக இளைஞர்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிலே தோட்டத்துப் பேரப்பிள்ளைகளும் உண்டு.

தாத்தா விடியுமுன் பெரட்டுக்கு நின்றார். பேரன் கம்ப்யூட்டரில் பெயரைப் பதிந்து பெரட்டுக்கு நிற்கிறான். தாத்தாவின் மரத்தைத் தண்டல் எண்ணினார். பேரனின் அழைப்புகளை யந்திரம் எண்ணுகிறது. ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிஷம், அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே எத்தனை விநாடி, நாற்காலியை விட்டு எத்தனை தடவை எழுந்தான் என்று கணக்கு வைக்கிறது. கங்காணி முன்பு நிரையின் கோடியில் நின்றார். அவர் வருவதைத் தொலைவிலேயே பார்க்கலாம். இப்போது மேலாளர் எந்த நேரத்தில் அதே அழைப்பில் காது கொடுத்துக் கேட்கிறார் என்பது பேசுகிறவனுக்குத் தெரியாது. பொத்தானை அமுக்கும் வேலையைக்கூட நீக்கிவிட்ட இடங்கள் உண்டு. 'பீப்' என்று ஒரு சத்தம். அடுத்த அழைப்பு தானாகவே காதில் விழுந்துவிடும். மூச்சு விடச் சம்மதம் கேட்பது யாரிடம்?

தோட்டத்தை விட்டு வந்தால் தோட்டத்துக் கேள்விகள் விட்டுப்போகும் என்று நம் பிள்ளைகள் நினைத்தார்கள். வேலை மாறிற்று, நாற்காலி வந்தது, குளிர்சாதனம் வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை.

காது போனால் வருமா?

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரியாலயம் இரைச்சலாக இருந்தால் கருவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். பக்கத்து ஆளும் கூட்டுகிறார். அதனால் அவர் உரக்கப் பேசுகிறார். அதனால் நாம் இன்னும் கூட்டுகிறோம். இப்படியே ஏணி ஏறுகிறது. கோளாறான அழைப்பில் திடீரென்று ஊளைச் சத்தம் காதைக் கிழிப்பதும் உண்டு. தரமான கருவிகளில் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. மலிவுச் சரக்கில் அது இருக்கும் என்று நம்பக் கூடாது.

நம் நாட்டில் 2019இல் வந்த இரைச்சல் விதிகள், ஒரு வேலை நாளில் தொழிலாளி கேட்கும் இரைச்சலுக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த விதி ஆலைக்கு மட்டும் என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த பிறகு, வேலையிடம் எதுவானாலும், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே. காரியாலயத்து நாற்காலிக்கும் சட்டம் உண்டு என்பதைக் காரியாலயத்தார் அறிய வேண்டும்.

சுத்தத்தையும் மறக்கக் கூடாது. காலையில் ஒருவர் காதில் இருந்த பஞ்சு உறை மாலையில் வேறொருவர் காதில் ஏறுகிறது. வியர்வை, சீழ், சளி எல்லாம் மாறி மாறிப் பழகிக்கொள்கின்றன. அடுத்தவர் பல் துலக்கியை யாராவது வாங்கித் துலக்குவார்களா?

சட்டத்தில் உள்ள அரை மணி

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவைக்க வேண்டும். ஒரு தொழிலாளியிடம் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவே அரை மணிக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும். அரை மணிக்குக் குறைந்த ஓய்வு கொடுத்தால் அது ஓய்வாகவே எண்ணப்படாது; ஐந்து மணித் தொடர்ச்சி அறுந்ததாகாது. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைந்திருக்கிறது. இவை யாரும் போட்ட பிச்சையல்ல, நாட்டின் சட்டம்.

இப்போது நாம் கேட்கிறோம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மணியடித்தால் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு பெண் சோறு தின்றால், அது ஓய்வா? பத்தாம் நிமிஷம் ஒரு லாரி டிரைவரும் இருபதாம் நிமிஷம் ஒரு வாடிக்கைக்காரரும் பேசினால், அந்த அரை மணி அரை மணியாக இருந்ததா? ஓய்வு என்பது வயிற்றுக்கு மட்டுமல்ல, காதுக்கும் மனதுக்கும் சேர்த்துத்தான் என்பது நம் கட்சி.

"இதுவும் ஒரு குறையா?"

சிலர் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். "தோட்டத்திலே கூலி போதவில்லை, வீட்டுக்கு உத்தரவாதமில்லை. இந்த நிலையில் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து பேசும் பெண்ணின் காதுக் கருவிக்கு ஒரு பக்கமா?" என்று கேட்கலாம். கேட்கட்டும். கேள்வி நியாயமானதே. பதில் கிள்ளான் மண்ணிலேயே இருக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு கேட்டார்கள். பள்ளிக்கூடமும் வைத்திய வசதியும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கைகளின் நடுவே இன்னொன்றும் இருந்தது. துரையையும் உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் மாண்டார்கள்.

சைக்கிளை விட்டு இறங்குவதில் என்ன நஷ்டம்? ஒரு காசு குறையுமா? அன்றைக்கும் இப்படிக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். கூலி வயிற்றைக் காக்கும். மானம் மனிதனைக் காக்கும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையும், சோறு தின்னும்போது காதுக் கருவியைக் கழற்றிவைக்கும் உரிமையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

கிராணி அன்பர்களுக்கும் ஒரு சொல். அன்று தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கியது துரைக்கு முன் மட்டுமல்ல. காரியாலயத்து மேசைக்கு முன்னும் இறங்கினான். இன்று அதே மேசையில் தொழிலாளியின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். உளி வேறு, பேனா வேறு என்ற பழைய பேதத்துக்கு இனி இடம் ஏது? நெற்றி விளக்குக்காரருக்கும் காதுக் கருவிக்காரருக்கும் வழக்கு ஒன்றுதான்.

முதலாளிமார் தரப்பையும் கேட்காமல் விடவில்லை. "நூற்றுக்கணக்கான வெள்ளி போட்டு நல்ல கருவி வாங்கிக் கொடுத்தோம். வாடிக்கைக்காரர் காத்திருந்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்" என்கிறார்கள். உண்மைதான். வாடிக்கை போனால் வேலையும் போகும் என்பதை நாமும் அறிவோம். ஆனால் அரை மணி நேரம் அழைப்பை அடுத்த மேசைக்குத் திருப்பிவிட அதே டெலிபோனில் வழியிருக்கிறது. இரண்டு பேர் மாறி மாறிச் சாப்பிட்டால் ஒரு வாடிக்கைக்காரரும் காத்திருக்க மாட்டார். கருவியில் இல்லாத குறையை வாடிக்கைக்காரர் தலையில் கட்ட வேண்டாம். ஆள் குறைத்ததுதான் குறை என்றால், அதை நேராகச் சொல்லட்டும். அதைப் பற்றிப் பேசுவோம்.

என்ன கேட்க வேண்டும்?

நாம் கேட்கச் சொல்வது மலையைப் புரட்டும் காரியமல்ல.

ஒன்று: ஓய்வு நேரத்திலும் கழிவறைக்குப் போகும்போதும் கருவி பீடத்தில் இருக்க வேண்டும், காதில் அல்ல. அழைப்புகள் வேறு மேசைக்குத் திரும்ப வேண்டும். இதை வாய்ச் சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்க வேண்டும்.

இரண்டு: ஆளுக்கு ஒரு கருவி. காது உறை நைந்தால் நிர்வாகச் செலவிலே மாற்றித்தர வேண்டும். கருவி பழுதானால் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

மூன்று: திடீர்ச் சத்தத்தைத் தடுக்கும் அமைப்புள்ள கருவியே வாங்க வேண்டும். நாள் முழுவதும் பேசும் தொழிலாளிக்குக் காதுப் பரிசோதனை வேண்டும். நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் இதைப் பேசவைக்க வேண்டும்.

நான்கு: கை ஒழிந்தது என்று இரண்டாவது வேலை கொடுத்தால், அது என்ன வேலை, எவ்வளவு, அதற்கு என்ன ஊதியம் என்று பேசி முடித்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஐந்து: அழைப்பை ஒட்டுக் கேட்பதும் பதிவு செய்வதும் உண்டென்றால், எதற்காக, எப்போது என்பதைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆறு: பார்வையற்ற தொழிலாளிக்கு ஏற்ற கருவியை, கேட்குமுன்னே கொடுக்க வேண்டும்.

இவற்றைத் தனியாகப் போய்க் கேட்டால் "இஷ்டமில்லாவிட்டால் போ" என்ற பதில் வரும். கிள்ளான் மகள் ஒருத்தியாகக் கேட்டு அந்தப் பதிலைத்தான் வாங்கினாள். அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பது பழமொழி. ஆனால் ஒற்றைப் பிள்ளையின் அழுகை மாடிக்குக் கேட்பதில்லை; ஊரே கூடி அழுதால்தான் கேட்கிறது. காரியாலயத் தொழிலாளருக்குச் சங்கம் வேண்டாம் என்ற பழைய பேச்சை விட்டொழிக்க வேண்டும். காதில் கருவி மாட்டியவர்களும் கூடிப் பேசட்டும். அவர்களுக்கு வழி சொல்லத் தோட்டத்துப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சங்கம் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் உடம்பில் படித்தவர்கள் அவர்கள்.

தோட்டத்திலிருக்கும் தாய் தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். பட்டணத்துப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம். இனிமேல் இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பெரியவர் படியிறங்கும்போது கேட்டாரே, அதைக் கேளுங்கள்.

"எப்பம்மா கழட்டி வைப்ப?"

அதற்குப் பிள்ளை ஒரு மணியைக் குறிப்பிட்டுப் பதில் சொன்னால் நல்லது. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், அன்றே அந்தக் காரியாலயத்தில் வேலை செய்யும் மற்றப் பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சங்கம் தொடங்குவது அப்படித்தான்.